நட்டுவின் நாலு ஓவர்

2020 டிசம்பர் 6, ஞாயிற்றுக்கிழமை. கொரோனாவில் அலுவலகத்தை மூடிவிட்டார்கள். பெங்களூரிலிருந்து லேப்டாப்போடு தம்மம்பட்டிக்கு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. சிட்னியில் இந்தியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இரண்டாவது டி20. அத்தை பையன் மரச்சிற்ப வேலைக்காரர், என்னைவிட ஆறு வயது பெரியவர். அவர் பட்டறையில் பாதி செதுக்கிய ஒரு யாளியின் முதுகில் போனைச் சாய்த்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆஸ்திரேலியா 20 ஓவரில் 194. கடைசி ஓவரில் இந்தியாவுக்கு 14 தேவைப்பட்டது. ஹர்திக் பாண்டியா இரண்டு சிக்சர் அடித்து, இரண்டு பந்து மிச்சமிருக்கும்போதே முடித்துவிட்டார். 22 பந்தில் 42, ஆட்டமிழக்கவில்லை. ஆட்ட நாயகன் விருது அவருக்கே. மச்சான் உளியைக் கீழே வைத்துவிட்டார்.

"என்ன மாப்ள இது அநியாயம்? நட்டு என்ன பண்ணான்னு எவனும் பாக்கலியா?"

சேலத்துக்கு மேற்கே சின்னப்பம்பட்டி, கிழக்கே எங்கள் ஊர். இரண்டுக்கும் நடுவே ஒரு மாவட்டமே கிடக்கிறது. ஆனாலும் அன்றைக்கு தங்கராசு நடராஜன் எங்கள் தெருப் பையன். அந்த ஆட்டத்தில் அவர் கணக்கு 4 ஓவர், 20 ரன், 2 விக்கெட்.

"ஊர்ப் பாசத்துல பேசாத மச்சான். கடைசி ஓவர்ல ஜெயிக்க வச்சது யாரு?" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, எனக்குள் இருக்கும் இஞ்சினியர் சும்மா இருக்கவில்லை. ராத்திரி ஒரு ஷீட்டைத் திறந்து உட்கார்ந்தேன்.

நடராஜனின் நாலு ஓவரைக் கழித்தால் மீதி 16 ஓவரில் ஆஸ்திரேலியா எடுத்தது 174. ஓவருக்குக் கிட்டத்தட்ட 10.9. அந்த நாலு ஓவரையும் மற்றவர்களே வீசியிருந்தால் இதே வேகத்தில் 43 அல்லது 44 போயிருக்கும். போனது 20. ஆக, அவர் மிச்சப்படுத்தியது சுமார் 23 ரன். இதே கணக்கை ஹர்திக்குக்குப் போட்டால்? அவருடைய 22 பந்தைக் கழித்தால் மீதி 96 பந்தில் இந்தியா எடுத்தது 153. அந்த வேகத்தில் 22 பந்துக்கு 35 ரன் வரும். அவர் எடுத்தது 42. கூடுதலாகத் தந்தது 7 ரன்.

23க்கு 7. மச்சான் ஜெயித்துவிட்டார்.

ஆனால் உடனே அடுத்த சந்தேகம். எல்லாப் பந்தும் ஒரே எடையா? பத்தாவது ஓவரில் அடிக்கும் சிக்சரும், நாலு பந்தில் முடித்தாக வேண்டிய நேரத்தில் அடிக்கும் சிக்சரும் ஒன்றா? நெருக்கடிக்கு எடை கொடுத்தால் ஹர்திக் மேலே வருகிறார். கொடுக்காவிட்டால் நட்டு. எவ்வளவு எடை கொடுப்பது என்பதை ஷீட் சொல்லாது. அதை நான்தான் முடிவு செய்து ஷீட்டுக்குள் போட வேண்டும்.

*

இந்தச் சண்டையை நம்மைவிட விலாவாரியாகப் போட்டவர்கள் அமெரிக்க பேஸ்பால்காரர்கள். 2012இல் அமெரிக்கன் லீகின் மிக மதிப்புமிக்க வீரர் யார் என்ற கேள்வி. டெட்ராய்ட் அணியின் மிகேல் கப்ரேரா அந்த வருடம் பேட்டிங் சராசரி, ஹோம் ரன், அணிக்கு ஈட்டிய ரன் ஆகிய மூன்றிலும் லீகிலேயே முதலிடம். 1967க்குப் பிறகு யாரும் செய்யாதது. எதிரே ஏஞ்சல்ஸ் அணியின் புதுமுகம் மைக் டிரவுட். இருபதே வயது. அடித்தான், ஓடினான், மைதானத்தின் நடுவில் நின்று எல்லைக்குப் போகும் பந்தையெல்லாம் பிடித்தான்.

புள்ளிவிவரக்காரர்களின் கையில் 'வார்' என்ற அளவு இருந்தது. ஒரு வீரரைத் தூக்கிவிட்டு, அவர் இடத்தில் சல்லிசாகக் கிடைக்கும் ஒரு மாற்று ஆளைப் போட்டால் அணி எத்தனை வெற்றியை இழக்கும்? அதுதான் அந்த எண். டிரவுட்டுக்கு அது பத்துக்கு மேல். கப்ரேராவுக்கு ஏழு சொச்சம். ஆனால் ஓட்டுப் போட்ட 28 எழுத்தாளர்களில் 22 பேர் முதலிடத்தை கப்ரேராவுக்குத் தந்தார்கள். அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று, டெட்ராய்ட் அடுத்த சுற்றுக்குப் போனது, ஏஞ்சல்ஸ் போகவில்லை என்பது. வேடிக்கை என்னவென்றால் அந்த சீசனில் ஏஞ்சல்ஸ் ஜெயித்தது 89 ஆட்டம், டெட்ராய்ட் 88. பிரிவு வேறு என்பதால் குறைவாக ஜெயித்தவர்கள் உள்ளே, கூடுதலாக ஜெயித்தவர்கள் வெளியே. இதில் டிரவுட் செய்த தப்பு என்ன?

இரண்டு தரப்பும் கணக்கில் தவறவில்லை. 'மதிப்பு' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒன்று, இவன் எவ்வளவு நன்றாக ஆடினான்? இன்னொன்று, இவனால் என்ன நடந்தது?

மறுநாள் மச்சானிடம் இதையெல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, "அந்த மாத்து ஆளுங்கறியே, அவன் யாரு?" என்றார்.

"யாரா வேணா இருக்கலாம் மச்சான். பெஞ்சுல உக்காந்திருக்கறவன். அவனோட மதிப்ப பூஜ்யம்னு வச்சுதான் மத்தவங்கள அளக்கறாங்க."

"அப்ப நட்டு?"

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கியபோது சிரிப்பும் வரவில்லை. நடராஜன் ஆஸ்திரேலியாவுக்குப் போனது வலைப்பயிற்சியில் பந்து போட. வருண் சக்கரவர்த்திக்குத் தோளில் காயம் என்பதால் டி20 அணிக்குள் வந்தவர். அந்த மாற்று ஆளே அவர்தான். நான் நேற்று போட்ட கணக்கின் பூஜ்யத்துக்கு ஒரு ஊர் இருந்தது, ஒரு வீடு இருந்தது, நாலு ஓவரில் வீச ஒரு யார்க்கரும் இருந்தது.

*

இங்கே ஒரு பக்கம் சாய்ந்துவிடுவது சுலபம். எண்ணெல்லாம் பொய், மனுசனை அளக்க முடியாது, கண்ணால் பார்த்தால் தெரியும் என்று முடித்துவிடலாம். நான் அந்தக் கட்சி இல்லை. கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுத்த காலத்தில் கண் யாரைப் பார்த்தது? நகரத்தில் நல்ல பள்ளியில் படித்தவனை, இங்கிலீஷ் பேசுகிறவனை, மாமா கிளப்பில் இருந்தவனை. ஆற்று மணலில் டென்னிஸ் பாலில் ஆடியவனை அந்தக் கண் தேடிப் போனதில்லை. தமிழ்நாடு பிரீமியர் லீக் என்று ஒன்று 2016இல் வந்து, அதில் வீசிய பந்துகள் பதிவாகி, அதை யாரோ எண்ணிப் பார்த்ததால்தான் அடுத்த வருடமே ஐபிஎல் ஏலத்தில் அந்தப் பெயர் வந்தது. எண் என்பது ஏழைக்கு சில சமயம் சிபாரிசுக் கடிதம். கேம்பஸ் இண்டர்வியூவில் மார்க் ஷீட்டைத் தவிர வேறெதுவும் கொண்டுபோகாத எனக்கு அது தெரியும்.

ஆனால் அந்த ஏலத் தொகைகளையே வரிசையாகப் பாருங்கள். 2017இல் பஞ்சாப் அணி 3 கோடிக்கு எடுத்தது. 2018இல் ஐதராபாத் 40 லட்சத்துக்கு எடுத்தது. இரண்டு சீசன் ஒரு ஆட்டத்தில்கூட இறக்கவில்லை. 2020இல் 16 விக்கெட். 2022இல் அதே ஐதராபாத் 4 கோடி. 2025 சீசனுக்கு டெல்லி 10.75 கோடி கொடுத்தது. அந்த சீசனில் அவர் ஆடியது இரண்டே ஆட்டம். அதே இடது கை. அதே ஓட்டம். இந்தத் தொகைகள் நடராஜனைப் பற்றி எவ்வளவு சொல்கின்றனவோ, அந்தந்த வருடம் யாருக்கு எந்த ஓட்டையை அடைக்க வேண்டியிருந்தது என்பதைப் பற்றியும் அவ்வளவு சொல்கின்றன. விலை என்பது இரண்டு பேருக்கு நடுவில் இருக்கும் எண். அதை ஒருவர் முதுகில் ஒட்டிவிடுகிறோம்.

எந்தக் கட்டத்திலும் விழாத வேலையும் உண்டு. 2021 ஜனவரி 19, பிரிஸ்பேன். 1988க்குப் பிறகு ஆஸ்திரேலியா அந்த மைதானத்தில் ஒரு டெஸ்ட்டும் தோற்றதில்லை. இந்தியா 328 என்ற இலக்கை விரட்டி மூன்று விக்கெட்டில் வென்றது. நடராஜனுக்கு அதுதான் முதல் டெஸ்ட். ரிஷப் பந்த் ஆட்டமிழக்காமல் 89, ஆட்ட நாயகன். புஜாரா 211 பந்தில் 56. மந்தமாக ஆடுகிறார், மற்றவர்கள் மேல் அழுத்தம் ஏற்றுகிறார் என்று சிட்னி டெஸ்ட்டின்போது திட்டு வாங்கியவர். அந்தத் தொடர் முழுக்க 928 பந்துகளைச் சந்தித்து 271 ரன் எடுத்தார். பிரிஸ்பேனில் விலாவில், கையில், ஹெல்மெட்டில் அடி வாங்கிக்கொண்டு நின்றார். அவர் தின்ற பந்துகளைப் பின்னால் வந்தவர்கள் சந்திக்க வேண்டியிருக்கவில்லை. களைத்துப்போன பவுலர்களைத்தான் பந்த் அடித்தார். ஸ்கோர்கார்டில் அந்தக் களைப்பு பந்தின் பெயரில்தான் விழுந்திருக்கிறது.

இன்னும் தள்ளிப் போனால் சின்னப்பம்பட்டியின் ஜெயப்பிரகாஷ் வருகிறார். நடராஜனை டென்னிஸ் பால் ஆட்டத்தில் கண்டுபிடித்து சென்னைக்கு அனுப்பியவர். ஐபிஎல் ஜெர்சியில் நடராஜன் போட்டுக்கொண்ட பெயர் 'ஜே.பி. நட்டு'. ஜெயப்பிரகாஷின் 'வார்' எவ்வளவு? எந்த ஷீட்டிலும் அப்படி ஒரு வரிசையே கிடையாது. ஜெர்சியின் முதுகில் இரண்டு எழுத்து மட்டும் இருக்கிறது.

*

இதையெல்லாம் நான் இவ்வளவு யோசிக்கக் காரணம் கிரிக்கெட் இல்லை.

பிரிஸ்பேன் முடிந்து இரண்டு மாதத்தில் எங்கள் நிறுவனத்தில் அப்ரைசல். அந்த வருடம்தான் நான் டீம் லீட் ஆகியிருந்தேன். ஒன்பது பேர். ஒன்று முதல் ஐந்து வரை ரேட்டிங், ஆனால் எல்லாருக்கும் நல்லது போட முடியாது. வளைகோடு ஒன்று உண்டு. யாராவது ஒருவர் அடியில் இருந்தே ஆக வேண்டும். ஊரிலிருந்த அதே மேஜையில், நடராஜனுக்குக் கணக்குப் போட்ட அதே லேப்டாப்பில், இன்னொரு ஷீட். முடித்த டிக்கெட், எழுதிய கோடு, வந்த பக், தாமதமான நாள்.

கடைசியில் வந்தது எங்கள் டீமிலேயே வயதில் மூத்தவர். நாற்பதைத் தாண்டியவர், அண்ணா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். அவர் முடித்த டிக்கெட் மற்றவர்களில் பாதி. ஏனென்றால் மற்றவர்களின் டிக்கெட்டில் அவர் உட்கார்ந்திருப்பார். புதிதாக வந்த பெண்ணின் கோடை வரி வரியாகப் படித்து, இது இங்கே உடையும் என்று சொல்வார். ராத்திரி இரண்டு மணிக்கு சர்வர் விழுந்தால் முதலில் போன் போவது அவருக்கு. என் முதல் வருடத்தில் நான் அழித்துவிட்ட ஒரு டேபிளை விடிய விடிய உட்கார்ந்து மீட்டுக் கொடுத்து, யாரிடமும் சொல்லாமல் விட்டவர். இந்த எதற்கும் ஷீட்டில் கட்டம் கிடையாது.

வீடியோ காலில் ரேட்டிங்கைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஷீட்டு என்ன சொல்லுதுன்னு தெரியுது தம்பி. நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்றார்.

"என் கையில எதுவும் இல்லண்ணா."

ஆறு மாதத்தில் அவர் போய்விட்டார். அடுத்த காலாண்டில் பக் கூடியது, எல்லார் எண்ணும் இறங்கியது. அவர் மதிப்பு மற்ற எட்டுப் பேரின் வரிசையில் ஒளிந்திருந்தது தெரியவந்தது. இந்தக் கதையை நான் பல வருடம் இப்படித்தான் சொல்லி வந்தேன். அளவுகோல் தப்பு, நல்ல அளவுகோல் இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்று. கேட்கிறவர்களும் தலையாட்டுவார்கள்.

இப்போது அந்த முடிவு எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு வேளை அவர் போனபிறகு எதுவும் இறங்காமலே இருந்திருந்தால்? அப்போது நான் செய்தது சரியாகிவிடுமா? அவர் இல்லாமல் நாங்கள் கஷ்டப்பட்டோம் என்பதால்தான் அவர் மதிப்புள்ளவர் என்றால், நான் இன்னும் அந்த மாற்று ஆள் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

தமிழில் மதிப்பு என்ற சொல்லுக்கு இரண்டு வேலை. மதிப்பெண்ணில் இருப்பதும் அதுதான், ஒருவரை மதிப்பது என்பதில் இருப்பதும் அதுதான். முதலாவது எண்ணிச் சொல்வது. இரண்டாவது, எதிரே இருப்பவர் கேட்டால் முகம் பார்த்துப் பதில் சொல்வது. ரேட்டிங் குறைவாகப் போட வேண்டிய கட்டாயம் வரலாம். யாரோ ஒருவரைப் பெஞ்சில் உட்கார வைத்துத்தான் பதினோரு பேர் ஆட முடியும். அதை அநியாயம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அண்ணன் அன்றைக்கு மூன்றைக் கேட்கவில்லை, நாலைக் கேட்கவில்லை. என்ன நினைக்கிறாய் என்று கேட்டார்.

அந்த சிட்னி ஆட்டம் முடிந்ததும் ஹர்திக் மைக்கில், நட்டுவுக்குத்தான் ஆட்ட நாயகன் கிடைக்கும் என்று நினைத்தேன் என்ற பொருளில் சொன்னார். இரண்டு நாள் கழித்துத் தொடர் முடிந்தபோது தொடர் நாயகன் விருதும் ஹர்திக்குக்கே வந்தது. அவர் அந்தக் கோப்பையை நடராஜன் கையில் கொடுத்துவிட்டார். பதிவேட்டில் எதுவும் மாறவில்லை. இன்றைக்கும் அதில் இருப்பது ஹர்திக் பெயர்தான். அன்றைக்கு அதைப் பெருந்தன்மை என்று நினைத்தேன். பட்டறையில் மச்சான், "அவன் பக்கத்துல நின்னு பாத்தவன் மாப்ள, அவனுக்குத் தெரியாதா" என்றதோடு உளியை எடுத்துக்கொண்டார்.

நானும் பக்கத்தில் நின்று பார்த்தவன்தான். நடராஜன் விஷயத்தில் எண்களைக் கூட்டிக் கழித்துத்தான் எனக்கு உண்மை தெரிந்தது. அண்ணன் விஷயத்தில் எந்த ஷீட்டையும் திறக்கும் முன்பே தெரியும். அவர் கேட்டபோது, நான் என்ன நினைக்கிறேன் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அதைச் சொல்ல ஒரு நிமிடம் ஆகியிருக்கும். ரேட்டிங் மாறியிருக்காது.

அவர் எண் இன்னும் என் போனில் இருக்கிறது.