விலா நோகச் சிரித்த அடியார்

நாவுக்கரசர் பாடிய முதல் பதிகம் உங்களில் பலருக்கு மனப்பாடமாக இருக்கும். வயிற்றுவலி என்றால் வீட்டுப் பெரியவர்கள் படிக்கச் சொல்லும் பதிகம் அது. அதில் ஆறாவது பாட்டை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். உனக்கு நீராட்டுவதையும் பூவிடுவதையும் தூபம் காட்டுவதையும் நான் ஒருநாளும் விட்டதில்லை என்கிறார். தமிழில் இசையோடு பாடாமல் இருந்ததில்லையாம். நல்லது வந்தபோதும் கெட்டது வந்தபோதும் உன் நினைப்பு போனதில்லை, உன் பெயர் என் நாக்கை விட்டு அகன்றதில்லை என்றெல்லாம் அடுக்கிக்கொண்டு போகிறார்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சொல்வது யார்? கொஞ்ச நாள் முன்புவரை பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியில் தருமசேனர் என்ற பெயரோடு தலைமைப் பதவியில் இருந்தவர். சிவன் கோயில் பக்கம் தலைவைத்தும் படுக்காதவர். அவர் திருவதிகைக் கோயிலில் வந்து நின்று, வந்த முதல் நாளிலேயே, உன்னை மறந்ததே இல்லை என்கிறார்! பச்சையாகச் சொன்னால் அது நடந்த கதைக்கு ஒத்துவரவில்லை.

பெரியவர்கள் இதற்குச் சமாதானம் வைத்திருக்கிறார்கள். முற்பிறவியில் செய்த வழிபாட்டைச் சொல்கிறார் என்பார்கள். இனிமேல் மறக்கமாட்டேன் என்று விரதம் எடுத்துக்கொள்வதாகக் கொள்ளலாம் என்பாரும் உண்டு. இரண்டையும் மதிக்கிறேன். ஆனால் பதிகம் முழுவதையும் ஒரே மூச்சில் படித்தால் எனக்கு வேறொன்று தோன்றுகிறது. முதல் பாட்டில், நான் செய்த கொடுமைகள் எனக்குத் தெரியாதே என்கிறார். நாலாவதில், முன்பு அறியாமையில் கிடந்தேன் என்று ஒப்புக்கொள்கிறார். அதே பாட்டில் ஒரு வழக்கும் தொடுக்கிறார்: வந்து சேர்ந்தவன் வினையைத் தீர்ப்பதுதானே பெரியவர்களுடைய கடமை? அதாவது, என் கடமையைப் பற்றி அப்புறம் பேசலாம், முதலில் உன் கடமையைச் செய். ஐந்தாவதில், கரையில் நிற்பவர்கள் ஆழமான நீரில் ஒருவனைத் தள்ளிவிட்டு, நீயே பார்த்துக்கொள் என்று சொன்னது போல என் நிலை இருக்கிறது என்கிறார். ஆறாவதில், மறந்ததே இல்லை என்கிறார்.

தெரியாது, தெரியாமல் செய்தேன், உன் பொறுப்பு, நான் நல்லவன். பாத்திரம் உடைந்த சத்தம் கேட்டு அம்மா எட்டிப் பார்ப்பதற்கு முன்னாலேயே ‘நான் இல்லை’ என்கிற பிள்ளையின் வரிசை இது. குற்றம் உறுத்துகிற மனம் இப்படித்தான் பேசும். ஒழுங்காக, ஒன்றுக்கொன்று முரண்படாமல் பேசினால் அது வக்கீல் எழுதிக்கொடுத்த வாக்குமூலமாக இருக்கும்.

யாருக்குச் செய்த கொடுமை அது? இதற்குப் பெரியபுராணம் பாடிய சேக்கிழாரிடம் போகவேண்டும். திருவாமூரில் புகழனார், மாதினியார் தம்பதிக்கு இரண்டு குழந்தைகள். மூத்தவர் திலகவதியார், இளையவர் மருள்நீக்கியார். திலகவதியாரைக் கலிப்பகையார் என்ற படைத்தலைவருக்குப் பேசி முடித்திருந்தார்கள். அவர் போருக்குப் போனார். அதற்குள் தந்தை மறைந்தார், தாயும் உடன் போனார். கலிப்பகையாரும் போர்க்களத்திலிருந்து திரும்பவில்லை. திலகவதியார் தானும் உயிரை விடுவது என்று முடிவு செய்கிறார். தம்பி காலில் விழுந்து அழுகிறான்: நீயும் போனால் நான் உனக்கு முன்னால் போய்விடுவேன் என்று. அந்தத் தம்பி உயிரோடு இருக்கவேண்டும் என்ற ஒரே காரணத்துக்காக அந்த அம்மையார் உயிரை வைத்துக்கொள்கிறார்.

அந்தத் தம்பிதான் பிற்பாடு அக்காவை விட்டுவிட்டுச் சமணப் பள்ளிக்குப் போய்த் தருமசேனர் ஆகிறார்.

கொள்கை மாறியதை நான் குற்றம் என்று சொல்லவில்லை. இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாகவேண்டும். இந்தக் கதையைச் சொல்லும்போது மேடையில் சமணரை ஏசுவது ஒரு பழக்கமாகிவிட்டது; எனக்கு அதில் சம்மதமில்லை. சீவகசிந்தாமணியும் நன்னூலும் யார் கொடுத்தவை? மருள்நீக்கியார் நிலையாமையைக் கண்டு, உண்மையைத் தேடித்தான் அங்கே போனார். போனவருக்கு அவர்கள் கல்வியும் கொடுத்தார்கள், பதவியும் கொடுத்தார்கள். அவர் மனத்தில் உறுத்திய கணக்கு அவருக்கும் அவருடைய அக்காவுக்கும் இடையில் உள்ளது.

திலகவதியார் அதிகையில் கெடில ஆற்றங்கரைக் கோயிலில் தொண்டு செய்துகொண்டிருந்தார். தம்பியை மீட்டுத் தரவேண்டும் என்று பெருமானிடம் விண்ணப்பம். சூலை நோய் கொடுத்து ஆட்கொள்வோம் என்று கனவில் பதில் வருகிறது. இந்த இடம் என்னைப் பலமுறை நிறுத்தியிருக்கிறது. அந்த வயிற்றுவலி அக்காவின் வேண்டுதலால் வந்தது! அது தம்பிக்குத் தெரியாது. மணி, மந்திரம், மருந்து ஒன்றும் பலிக்காமல், சமையல்காரன் ஒருவனை அக்காவிடம் தூது அனுப்புகிறார். அக்கா, நான் அந்தப் பள்ளிக்கு வரமாட்டேன் என்று கண்டிப்பாகச் சொல்லியனுப்புகிறார். பாசம் என்றால் உடனே ஓடிவருவதுதான் என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

அப்புறம் தம்பியே வருகிறார். உடுத்த பாயை விட்டு, குண்டிகையையும் மயிற்பீலியையும் விட்டு, வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டு, யாரும் பார்க்காமல் இரவில் வருகிறார். மடத்து வாசலில் அக்காவின் காலில் விழுகிறார். திலகவதியார் ஒரு கேள்வி கேட்டதாகச் சேக்கிழார் எழுதவில்லை. இத்தனை வருஷம் எங்கே இருந்தாய், இப்போது வலி வந்ததும் அக்கா ஞாபகம் வந்ததா என்று நாம் கேட்போம், கேட்காமல் விடுவோமா? அவர் எழுப்பி நிறுத்துகிறார், ஐந்தெழுத்து ஓதித் திருநீறு கொடுக்கிறார். விடிவதற்கு முன் கோயிலைப் பெருக்கி மெழுகும் வேளை. துடைப்பமும் சாணமும் தண்ணீர்த் தோண்டியுமாகக் கிளம்புகிறார். தம்பியையும் கூட அழைத்துப் போகிறார்.

அந்த நிலையில், அக்கா பக்கத்தில் இருக்கும்போது, நான் செய்த கொடுமை எனக்குத் தெரியாதே என்று பாட்டு பிறக்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு படித்துப் பாருங்கள்.

சூலை நீங்கியது. நாவுக்கரசு என்ற பெயரும் கிடைத்தது. குற்ற உணர்வு நீங்கியதா? நீங்கவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய ஆறுதல். நெறி மாறியதற்காகப் பல்லவ மன்னன் அவரைச் சுண்ணாம்புக் காளவாயில் அடைத்தான், நஞ்சு கொடுத்தான், யானையை ஏவினான், கல்லைக் கட்டிக் கடலில் போட்டான். எல்லாவற்றிலும் தப்பினார், கல்லே தெப்பமாக மிதந்து கரை சேர்ந்தது. இவ்வளவுக்கும் பிறகு பெண்ணாகடத்துத் தூங்கானைமாடக் கோயிலுக்குப் போகிறார். அங்கே என்ன கேட்கிறார்? வேறு நெறியில் தோய்ந்திருந்த இந்த உடம்போடு உயிர் வாழ என்னால் முடியவில்லை. உன்னுடைய சூல முத்திரையை என்மேல் பொறித்துவிடு என்கிறார். ஒரு பூதம் வந்து தோளில் சூலக்குறியும் இடபக்குறியும் பொறித்ததாகப் பெரியபுராணம்.

கடலில் கல் மிதந்ததைக் கண்ணால் பார்த்தவருக்கு, தன்னை இறைவன் ஏற்றுக்கொண்டான் என்பதில் சந்தேகம் இருக்க முடியாது. அப்படியும் தன் உடம்பைத் தன்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அவன் மன்னித்த பிறகும் நாம் நம்மை மன்னிப்பதில்லை. அந்த இடைவெளியில்தான் நாவுக்கரசருடைய பாட்டுகளில் பாதி பிறந்திருக்கிறது என்று நான் நினைக்கிறேன். ஒரு தனித் திருத்தாண்டகத்தில் குலம், குணம், குறி எல்லாவற்றிலும் நான் பொல்லாதவன் என்று பட்டியலே போடுகிறார். அவையடக்கம் என்று அதைத் தள்ளிவிடக் கூடாது.

இப்போது திருவொற்றியூருக்கு வாருங்கள். அங்கே பாடிய நேரிசையில் முதல் பாட்டு, உள்ளத்தில் ஒரு கொடுமையை வைத்துக்கொண்டு இந்த உடம்பை வீணாக வளர்த்தேனே என்று தொடங்குகிறது. அதிகையில் தெரியாது என்றவர், ஒற்றியூரில், உள்ளேதான் வைத்திருந்தேன் என்கிறார். காலக் கணக்கை விடுங்கள், மனம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று பாருங்கள். அதே பாட்டில் காம்பு இல்லாத அகப்பையைச் சொல்கிறார். பானையில் எல்லாம் இருக்கிறது. அகப்பையும் கையில் இருக்கிறது. காம்பு இல்லை. சோற்றுக்குள் விட்டால் கை சுடும், எடுத்தால் வராது. நல்லது எது என்று எனக்குத் தெரிகிறது, அதை மொண்டெடுக்க முடியவில்லை என்கிறார். நம்மில் பலருக்கு இதுதான் கதை. விடியற்காலையில் எழவேண்டும், கோபத்தைக் குறைக்கவேண்டும், தம்பியோடு விட்டுப்போன பேச்சைத் தொடங்கவேண்டும் என்பதெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டாம். காம்புதான் இல்லை.

அடுத்து பாம்பின் வாயில் அகப்பட்ட தேரை. பாதி உடம்பு உள்ளே போய்விட்டது. அந்த நிலையிலும் அது பலவற்றை நினைக்கிறதாம். சிரிப்பதா, பயப்படுவதா?

அந்த ஒற்றியூர் நேரிசையிலேயே மனத்தைத் தோணியாக்கி ஒரு பாட்டு உண்டு. அறிவுதான் ஊன்றுகோல், ஏற்றிய சரக்கு கோபம். கடலில் போகும்போது காமம் என்ற பாறையில் மோதித் தோணி கவிழ்கிறது. சரக்கு என்னவென்று பாருங்கள், அதை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு யாருக்கு விற்கக் கொண்டுபோகிறோம்? நாமும் வருஷக்கணக்காக ஏற்றிக்கொண்டுதான் போகிறோம். இங்கே நாவுக்கரசர் கேட்கிற வரம் விசித்திரமானது. தோணியைக் காப்பாற்று என்று கேட்கவில்லை. பாறையை அகற்று என்றும் கேட்கவில்லை. கவிழும்போது ஒன்றும் புலப்படாது, அப்போது உன்னை நினைக்கும் உணர்வைக் கொடு, அவ்வளவுதான். தோற்கமாட்டேன் என்று அவர் யாருக்கும் உத்தரவாதம் கொடுக்கவில்லை. பக்தி வந்துவிட்டால் போராட்டம் முடிந்துவிடும் என்று சொல்கிறவர்கள் இந்தப் பாட்டைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

கடைசியாக நான் சொல்ல வந்த பாட்டு, நான்காம் திருமுறையில் ஒரு தனித் திருநேரிசையில் இருக்கிறது. நான் கள்ளன், கள்ளத்தனமான தொண்டிலேயே காலத்தைக் கழித்தேன் என்று ஆரம்பிக்கிறார். கள்ளத் தொண்டு எது? கை பூப்போடும், மனம் ஊர் சுற்றும். அடுத்தவர் பார்க்கும்போது நெற்றியில் நீறு கூடுதலாகத் துலங்கும். பிறகு தெளிந்து, தேடி, கண்டுகொண்டேன் என்கிறார். எதைக் கண்டுகொண்டார்? நினைக்கிறவர் நினைக்கிறதையெல்லாம் நீ கூடவே இருந்து அறிந்துகொண்டிருக்கிறாய் என்பதை. இவ்வளவு நாளும் யாருக்குத் தெரியாமல் திருடினாரோ, அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்!

இந்த இடத்தில் வேறொருவராக இருந்தால் அழுதிருப்பார். நாவுக்கரசருக்கு அழத் தெரியாமல் இல்லை, அவருடைய திருமேனியில் எப்போதும் கண்ணீர் வழிந்தபடி இருக்கும் என்றுதானே சேக்கிழார் காட்டுகிறார்? ஆனால் இங்கே அவர் முதலில் வெட்கப்படுகிறார். வெட்கப்பட்டுவிட்டு விலா எலும்பு முறியும்படி சிரிக்கிறார். தன்னைப் பார்த்தே சிரிக்கிறார். அதிகையில் ‘தெரியாது’ என்றதும் ‘மறந்ததே இல்லை’ என்றதும் அந்தச் சிரிப்பில் சேர்ந்திருக்கவேண்டும். எல்லாம் தெரிந்த ஒருவனிடம் போய் எத்தனை பொய், எத்தனை வாதம், எத்தனை வழக்கு! அவனும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, அந்தப் பாட்டுக்கே நாவுக்கரசு என்று பட்டம் கொடுத்திருக்கிறான். பொய்யான கணக்கைக் கொடுத்தவனுக்குப் பரிசு கொடுத்த கதை. சிரிக்காமல் என்ன செய்வார்?

அழுகைப் பாட்டுகளை நாம் நிறையப் பாடுகிறோம். கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம், தோப்புக்கரணம் போடுகிறோம், உண்டியலில் ஏதோ போட்டுக் கணக்கை நேர்செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு செருப்பைத் தேடிக் கிளம்புகிறோம். இந்தச் சிரிப்புப் பாட்டைக் கோயில்களில் அதிகம் கேட்க முடிவதில்லை. அது எனக்கு ஒரு குறை. அதனால் இன்று ஓதுவார் ஐயாவிடம் அதைத்தான் பாடச் சொல்லியிருக்கிறேன். பிறகு அதிகைப் பதிகத்தைக் கொல்லிப் பண்ணில், நவரோசு ராகத்தில், பத்துப் பாட்டும் பாடுவார். வலி உள்ளவர்கள் முன்வரிசைக்கு வாருங்கள். பிரசாதம், பாட்டு முடிந்த பிறகுதான்.