பெயிண்டுக்கு அடியில் என்ன இருக்கிறது?



வருஷா வருஷம் ஏப்ரல் 15 வந்தால் தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகள் நின்றுவிடும். முன்பு 45 நாளாயிருந்த தடைக்காலம் 2017 முதல் 61 நாள். ஜூன் 14 வரை. அந்த நாட்களில்தான் படகைக் கரையேற்றி, பாசி சுரண்டி, பலகை மாற்றி, பெயிண்ட் அடிப்பார்கள். வரிசையாய்ப் பளபளவென்று நிற்கும்போது எது உள்ளே சுகமாயிருக்கிறது, எது உளுத்திருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது.

திரேஸ்புரம் கரையில் ஒரு சகோதரர். மகளுடைய காலேஜ் பீஸுக்காகத் தன் பைபர் படகை விற்க வேண்டிய நிலை. அடிப்பக்கத்தில் ஒரு முழத்துக்குக் கீறல்.

"பாஸ்டர், பட்டி வச்சு ரெண்டு கோட் அடிச்சா தெரியவே தெரியாது. வாங்குறவன் கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன். கேக்காட்டா நானா சொல்லணுமா?" என்றார்.

உடனே ஒரு வசனத்தைச் சொல்லி அவர் வாயை அடைத்திருக்கலாம். ஆனால் கேள்வி நியாயமானது. நாமும் கிழிந்த சட்டையைத் தைத்துப் போடுகிறோம், சுவருக்கு வெள்ளையடிக்கிறோம். அதெல்லாம் பொய்யா? இல்லை. நோவாவின் பேழைக்கும் கீல் பூசப்பட்டதே! உப்புத் தண்ணீரும் கப்பல் புழுவும் தின்னாமல் மரத்தைக் காப்பது பூச்சுதான்.

ஆனால் எந்தப் பூச்சும் அடியில் இருப்பதைப் பொறுத்தது. நம் கரையில் அபூர்வமான அலுமினியப் படகைப் பாருங்கள். கீறல் விழுந்தால், காற்றுப் பட்டதும் மெல்லிய தோல் தானாய் உண்டாகி உலோகத்தைக் காக்கும். அதைத் தேய்த்து, அதற்குரிய பிரைமர் வைக்காமல் அடித்த பெயிண்ட் சீக்கிரம் உரிந்துபோகும். தாமிரம் கலந்த பாசித்தடுப்பு பெயிண்ட் பட்டாலோ கடல்தண்ணீரில் அலுமினியம் அரித்துவிடும். மரத்துக்கு மருந்து, இதற்கு விஷம். பைபரிலும் கீறலில் ஏறின தண்ணீரை மேல்பூச்சு உள்ளேயே பூட்டி வைக்கும்.

சகோதரரிடம் சொன்னேன்: "வாங்க வர்றவர் வாயால கேக்க மாட்டார் அண்ணாச்சி, கண்ணால கேப்பார். அடியைத் தடவிப் பாப்பார். அப்போ உங்க பெயிண்ட் 'ஒண்ணுமில்ல'ன்னு பதில் சொல்லும். அது மௌனம் இல்ல, பொய்."

"அப்ப பீஸுக்கு?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. பிறகு கீறலை கிரைண்டரால் திறந்து, காயவிட்டு, மேட்டும் ரெசினும் வைத்து அடைத்தார். அந்த இடத்துக்கு மட்டும் பெயிண்ட் அடிக்காமல், வாங்க வந்த தம்பிக்குத் தொட்டுக் காட்டினார். விலை குறைந்தது. மீதிப் பீஸுக்குக் கடன்தான் வாங்கினார். அந்தப் படகில் இன்று அந்தத் தம்பியும் அவன் அண்ணனும் தொழிலுக்குப் போகிறார்கள்.

மறைப்பதெல்லாம் பொய்யல்ல, பிரியமானவர்களே. நான் மறைத்ததை நம்பி இன்னொருவன் தன் உயிரை வைக்கிறானா என்பதே கேள்வி. பிரஷ்ஷைக் கையில் எடுக்குமுன் அதை ஒருமுறை நம்மையே கேட்டுக்கொள்வோம்.