பேயும் பொய்யும்

சில ஆண்டுகளுக்கு முன் அக்டோபர் மாதக் கடைசியில் பாஸ்டன் நகரில் மகன் வீட்டில் தங்கியிருந்தேன். 31ஆம் தேதி ஹாலோவீன். பூசணிக்காயைக் குடைந்து, கண்ணும் பல்லும் வெட்டி, உள்ளே விளக்கேற்றி வாசலில் வைக்கிறார்கள். குழந்தைகள் பேய் வேஷம் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்குகிறார்கள்.

"கதவில் ஒட்ட ஒரு பேய்ப் படம் செய்யலாம், வா தாத்தா" என்று பேத்தி என்னைக் கம்ப்யூட்டர் முன் உட்கார வைத்தாள்.

போட்டோஷாப்பில் பேயை உண்டாக்குவது சுலபம். பகலில் எடுத்த வீட்டுப் படத்தை இருட்டாக்கி நீலம் ஏற்றினால் நள்ளிரவாகிவிடுகிறது. அதன்மேல் இன்னோர் அடுக்காக ஒரு மனித உருவம். அந்த அடுக்கை நூறு பங்கிலிருந்து முப்பதுக்கு மங்கவைத்தால், உடம்பின் ஊடே சுவர் தெரிகிறது. ஆள் ஆவியாகிவிட்டான்!

உருவத்துக்காகப் பேத்தி எடுத்து வைத்தது, மறைந்துபோன என் மனைவியின் படம். "கறுப்பு வெள்ளைப் படம் தாத்தா, பொருத்தமா இருக்கும்" என்றாள். அவள் பாட்டியைப் பார்த்ததே இல்லை.

உருவம் மங்கி வாசற்படியில் நின்றது. அதைச் செய்தவனே நான்தான். ஆனாலும் ஒரு கணம், 'வந்துவிட்டாளா?' என்று மனம் ஏங்கியது.

இதே பாஸ்டனில் 1860களில் வில்லியம் மம்லர் என்ற புகைப்படக்காரர் இந்த ஏக்கத்தை வைத்தே பிழைத்தார். உற்றாரைப் பறிகொடுத்தவர்கள் அவரிடம் படம் எடுத்துக்கொண்டால், பின்னால் மங்கலாக ஓர் உருவம் நிற்கும். 1869இல் நியூயார்க்கில் அவர்மீது மோசடி வழக்கு நடந்தது. காட்சி வியாபாரத்தில் பெயர்பெற்ற பார்னம், லிங்கனின் ஆவி தம்முடன் இருப்பதாக ஒரு படம் தயாரிக்கச் செய்து, இது எத்தனை எளிய வித்தை என்று சாட்சி சொன்னார். ஆயினும் சாட்சியம் போதாதென்று மம்லர் விடுதலையானார். பின்னர் லிங்கனின் மனைவியே அவர் முன் அமர்ந்தார். கணவர் தோள்மீது கை வைத்து நிற்பதுபோன்ற படம் கிடைத்தது.

துயரப்பட்ட பெண்ணுக்கு ஆறுதல் கிடைத்ததே, அதில் என்ன பாவம் என்று கேட்கலாம். வேஷம் போட்ட குழந்தை பயமுறுத்தும்போது, அது வேஷம் என்று இருவருக்கும் தெரியும். மம்லரின் அறையில் உண்மை தெரிந்தவர் ஒருவர். கண்ணீர் வடித்தவர் வேறொருவர். பயமுறுத்தும் பொய்யிடமிருந்து நாம் விலகி ஓடுகிறோம். ஆறுதல் தரும் பொய்யிடம் நாமே தேடிப் போகிறோம். ஆகவே அதைச் செய்கிறவனின் பொறுப்புத்தான் பெரிது.

அந்த உருவத்தை அழிக்க எனக்கு மனம் வரவில்லை. வெகுநேரம் பார்த்திருந்துவிட்டு அழித்தேன்.

"ஏன் தாத்தா?" என்றாள்.

"பாட்டி வேண்டாம் அம்மா. என்னை வைத்துக்கொள்" என்றேன்.

போர்வையைப் போர்த்தி நிறுத்தி என்னைப் படமெடுத்தாள். அந்தப் பேயைப் பார்த்து, வந்த பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள்.