யாத்ரிகன் என்னும் கப்பல்

முதலில் நல்ல நிலைக்கு வந்துவிடுவோம், பிறகு எளியவர்களுக்குத் தொண்டு செய்வோம் என்று இளைஞர்கள் பலர் எண்ணுகின்றனர். ரிச்சர்டு ஹென்றி டானா என்ற அமெரிக்க இளைஞரை இறைவன் வேறு வழியில் அழைத்துச் சென்றார்.

ஹார்வர்டில் படித்துவந்த அவருக்குத் தட்டம்மையால் கண்பார்வை நலிந்தது. புத்தகங்களை விட்டு விலகிக் கடும் உழைப்பில் ஈடுபட்டால் கண்கள் தேறும் என்று நம்பினார். 1834 ஆகஸ்டில், 19 வயதில், பாஸ்டன் துறைமுகத்தில் ஒரு பாய்மரக் கப்பலில் சாதாரண மாலுமியாக வேலைக்குச் சேர்ந்தார். கப்பலின் பெயர் ‘பில்கிரிம்’. யாத்ரிகன் என்பது அதன் பொருள். பெயர் பொருத்தமாகத்தான் அமைந்தது!

முதல் சில நாட்கள் கடல்நோயால் துவண்டார். வீட்டுத் தின்பண்டங்களை மறந்து, உப்பிட்ட இறைச்சியையும் கப்பல் ரொட்டியையும் உண்ணும்படி சொல்லி அவரைத் தேற்றியவர் கப்பலின் சமையற்காரர். கேப் ஹார்ன் முனையைச் சுற்றிக் கலிபோர்னியாவை அடைந்ததும், மாட்டுத் தோல்களைத் தலையில் சுமந்து அலைகளுக்கிடையே படகில் ஏற்றும் வேலை காத்திருந்தது.

அங்கே ஒரு நாள், கேப்டன் ஒரு மாலுமியைக் கசையால் அடிக்க முனைந்தார். ஏன் என்று கேட்ட மற்றொருவருக்கும் அதே தண்டனை. அவர் வலி தாளாமல் ஏசுவின் பெயரைச் சொல்லிக் கதறினார். அவரால் உனக்கு உதவ முடியாது, என்னைக் கூப்பிடு என்றார் கேப்டன்.

இரணியன் நம் நினைவுக்கு வருகிறான். அங்கே தூண் பிளந்தது. இங்கே எதுவும் பிளக்கவில்லை. காணச் சகியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு கடலைப் பார்த்து நின்ற டானாவின் உள்ளத்தில் ஒரு சங்கல்பம் மட்டும் பிறந்தது: இறைவன் வாய்ப்பளித்தால், இந்த மக்களின் துயர்தீர ஏதேனும் செய்வேன்.

துன்பத்தின் நடுவே சங்கல்பம் செய்வது எளிது. வசதி திரும்பிய பின் அது நிலைக்கிறதா என்பதே கேள்வி. 1836-இல் டானா ஊர் திரும்பினார். பட்டம் பெற்று வழக்கறிஞரானார். 1840-இல் மாலுமிகளின் வாழ்வை உள்ளது உள்ளபடி நூலாக வெளியிட்டார். மறு ஆண்டே அவர்களுடைய பணிகளையும் சட்ட உரிமைகளையும் விளக்கும் கையேடு ஒன்றை எழுதினார். ஊதியம் மறுக்கப்பட்டவர்களும் அடிபட்டவர்களும் அவரது அலுவலகத்தைத் தேடி வந்தனர்.

கப்பல்களில் கசையடியைத் தடை செய்யும் சட்டத்தை அமெரிக்க நாடாளுமன்றம் 1850-இல் இயற்றியது. பலருடைய உழைப்பு அதன் பின்னால் இருந்தது. அந்தக் கதறல் கேட்டு அப்போது 15 ஆண்டுகள் ஆகியிருந்தன.