குதிமுள்ளும் கொல்லாமை விரதமும்



கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல் ஆகிய ஐந்தும் கொல்லாமை அணுவிரதத்தின் அதிசாரங்கள். உயிர் போகாவிடினும் இவற்றால் விரதம் மாசுறும். குதிரை பழக்குவோர் காலணியின் பின்புறம் பூணும் குதிமுள்ளை இவற்றுள் எதனோடு சேர்ப்போம்?

ஏறியிருப்பவரின் கால்குறிப்பு இளங்குதிரைக்குப் பிறவியில் தெரிவதன்று. விலாவில் காலை மெல்ல அழுத்தி, அது ஓரடி முன்வைத்த அக்கணமே அழுத்தத்தை விடவேண்டும். அவ்விடுதலையே அதற்குப் பாடம். ஈ அமர்ந்தாலும் சிலிர்க்கும் தோல் அதனுடையது. ஆகவே அது நகராது நிற்பின், உணராமையன்று, விளங்காமையே பெரும்பாலும் காரணம். அந்நிலையில் முள்ளால் குத்தினால் அஞ்சி ஓடும். ஓயாது குத்தினால் அக்குறிப்பையே பொருட்படுத்தாது போகும். கற்றுத் தேர்ந்த குதிரைக்கு நுண்குறிப்பு உணர்த்த முள் அணிவாரும் உளர். அசையாத கால் வாய்த்தவர்க்கே அது தகும் என்பர். டிரெஸ்ஸாஜ் எனும் பன்னாட்டுக் குதிரை நடைப் போட்டிகளில், முள் பட்ட இடத்தில் புதுக்குருதி கண்டால் போட்டியிலிருந்து விலக்குவர். குருதி வரும்வரை பொறுக்கும் விதியை நாம் பெரிதும் மெச்சவில்லை.

ஆசிரியப் பயிற்சியில் பிரம்பின்றிக் கற்பிக்கவே நாம் பயின்றோம். ஆயினும் வாய்ப்பாடு விளங்காமல் விழித்து நின்ற சிறுவனை ஒருநாள் அடித்தோம். கையைத் தேய்த்துக்கொண்டே அவன் கேட்டான்: "என்ன சொல்லணும் டீச்சர்?"