படத்தின் ஓரத்தில் இருந்த கடுதாசி

கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குச் செவ்வாய்க்கிழமையில் போனவர்களுக்கு அந்தச் சனத்தைத் தெரியும். கத்தோலிக்கர், சைவர், பௌத்தர், இடைக்கிடை முஸ்லிம்கள். எல்லாருடைய கையிலும் ஒரு மெழுகுதிரி. நான் கொட்டாஞ்சேனையில் வளர்ந்தவன். சைவக் குடும்பம். ஆனாலும் பரீட்சை வந்தால் அம்மா முதலில் பொன்னம்பலவாணேசரிடம் கூட்டிப்போவா. கும்பிட்டு முடிந்ததும் அப்படியே நடத்திக்கொண்டுபோய் அந்தோனியாருக்கும் ஒரு திரி கொளுத்துவிப்பா. இப்போது வீடு வெள்ளவத்தையில். ஓய்வு பெற்றபின் வாங்கிய கமராவைத் தோளில் கொழுவிக்கொண்டு மாதத்தில் ஒரு செவ்வாயாவது அந்தப் பக்கம் போய்வருவேன்.

போன வருடம் அப்படி ஒரு பின்னேரம். கோயில் முற்றத்தில் ஒரு அம்மா நின்றா. ஐம்பது வயது மதிக்கலாம். வெயில் துறைமுகப் பக்கமிருந்து சாய்ந்து வந்து பாதி முகத்தில் விழுந்திருந்தது. கண்கள் மூடியிருந்தன, உதடு மட்டும் அசைந்தது. காற்றில் சுடர் ஒருமுறை படுத்து எழும்பியபோது நாடியின் கீழ் ஒரு மஞ்சள் ஒளி வந்து போயிற்று. நான் அழுத்தினேன். ஒரே ஒரு படம்.

அன்றிரவே அதை எங்கள் வட்டத்துக்கு அனுப்பினேன். நாங்கள் ஏழு பேர்; எல்லாரும் ஆசைக்குப் படம் எடுப்பவர்கள். ஒரு வங்கிக்காரர், ஓய்வு பெற்ற ஒரு ரீச்சர், போன் திருத்தும் கடை வைத்திருக்கும் ஒரு தம்பி, மருதானையில் அச்சகம் நடத்தும் ஒரு சிங்கள நண்பர், இப்படி. படங்கள் வட்ஸ்அப்பில் போகும். மாதக் கடைசி ஞாயிறு யாராவது ஒருவர் வீட்டில் கூடி, அச்சுப்போட்டவற்றைத் தரையில் பரப்பி, தேத்தண்ணி ஆறும்வரை பேசுவோம். ‘நல்லாயிருக்கு’ என்ற சொல்லை விலக்கி வைத்திருக்கிறோம். என்ன தெரிகிறது, எது உறுத்துகிறது என்ற இரண்டைத்தான் சொல்லலாம்.

வெளிச்சத்தைப் பற்றி எல்லாரும் சொன்னார்கள். பிறகு வங்கிக்காரர் படத்தின் இடது பக்கத்தில் மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு கீறி அனுப்பினார். “ஓரத்தில வெள்ளையா என்னவோ கண்ணைக் குத்துது. இந்த இடத்தோட வெட்டிவிடுங்கோ, படம் இறுகிவிடும்.” நாலு பேர் அதையே சொன்னார்கள். எனக்கும் சரியென்றே பட்டது. ரீச்சர் மட்டும் கோட்டைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. அவ கேட்டது ஒரு வரி: “அண்ணை, அந்த மனிசியைக் கேட்டனீங்களே?”

எனக்குக் கோபம் வந்தது. கண்ணை மூடிக் கும்பிடுகிறவரைத் தட்டியா கேட்பது, கேட்டால் அந்த முகம் இருக்குமா என்று பதில் எழுதி, அனுப்பாமல் அழித்தேன். வெட்டும் வேலையையாவது முடிப்போம் என்று படத்தைக் கணினியில் பெரிதாக்கினேன். அந்த வெள்ளை, ஒரு கடுதாசி. நாலாக மடித்து, மற்றக் கையின் பெருவிரலுக்குக் கீழே இறுக்கிப் பிடித்திருந்தா. கக்கத்தில் கிளினிக் கொப்பியின் முனை. மடிப்பின் வெளிப்புறத்தில் தெரிந்த கட்டங்களை என் கண் எங்கே கண்டாலும் அடையாளம் பிடிக்கும். இரத்தப் பரிசோதனை அறிக்கை.

முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் நான் செய்த தொழில் அது. ஆய்வுகூடத்தில் நுணுக்குக்காட்டிக்கு முன்னால் இருந்து, கண்ணாடித் தகட்டில் பூசிய இரத்தத்தைப் பார்த்து, அந்தக் கட்டங்களை நிரப்பிக் கையொப்பம் வைப்பது. எத்தனை ஆயிரம் கடுதாசி எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. அவற்றில் ஒன்றை ஒருவர் கையில் பிடித்துக்கொண்டு எங்கே போய் நிற்கிறார் என்பதை அன்றுதான் முதன்முதல் கண்டேன். அதையும் நான் காணவில்லை. என் படத்தில் இருந்தது, என் கண்ணில் படவில்லை.

அதிலிருந்துதான் என்னுடைய கேள்வி தொடங்கியது. நான் எடுத்த படத்தை நான் பார்க்கவில்லை என்றால், அந்தப் பின்னேரம் பார்த்தது யார்?

ஆய்வுகூடத்தில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. மலேரியாவுக்கு ஒரு தகட்டைப் பார்த்தால் நூறு புலங்களாவது தேடாமல் ‘இல்லை’ என்று எழுதக்கூடாது. எழுதிய பிறகும் தகடுகளில் ஒரு பங்கை இன்னொருவர் திரும்பப் பார்ப்பார். முதல் ஆளின் முடிவு அவருக்குத் தெரியக்கூடாது. 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென்று அறிவித்தபோது எங்களைப் போன்றவர்கள் மகிழ்ந்ததற்குப் பின்னால் இப்படிப்பட்ட இரண்டாம் பார்வைகள் எத்தனையோ உண்டு. ஒரு கண்ணுக்கு அது நம்பி வந்ததே தெரியும். எங்கள் வட்டத்தையும் அப்படியொரு இரண்டாம் பார்வை என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஆனால் இங்கே இரண்டாம் கண்ணும் தவறிவிட்டது; ஐந்து பேர் அந்தக் கடுதாசியை ‘வெள்ளையா என்னவோ’ என்றுதான் கண்டார்கள். கடுதாசியைக் காணாத ரீச்சரின் கேள்விதான் என்னை அதனிடம் கொண்டுபோய் விட்டது.

சைவ சித்தாந்தம் படித்தவர்களுக்கு இந்த இடம் பழக்கமானது. மெய்கண்டார் சிவஞானபோதத்தின் பதினோராம் சூத்திரத்தில் கண்ணை எடுத்துப் பேசுகிறார். கண் காண்கிறது, ஆனால் தானாகக் காணாது. உயிர் உடன் நின்று காட்டினால்தான் காணும். அந்த உயிரும் தானாகக் காணாது; அதற்குக் காட்டுபவன் ஒருவன் வேண்டும். உயிரைப் படிகத்துக்கு ஒப்பிடுவதும் உண்டு. எந்த நிறத்தின் அருகே வைக்கிறோமோ அந்த நிறமாகவே தெரியும். சார்ந்ததன் வண்ணமாதல் என்பார்கள். சின்ன வயதில் கோயில் வகுப்பில் இதை மனப்பாடமாக ஒப்பித்திருக்கிறேன். லென்ஸ் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டிருக்கும் வயதில்தான் அது உறைத்தது. நான் அழகைச் சார்ந்து நின்றேன், எனக்கு அழகு தெரிந்தது. நோயைச் சார்ந்து நின்றிருந்தால் கடுதாசிதான் முதலில் தெரிந்திருக்கும். நுணுக்குக்காட்டி என்று நாங்கள் பாடசாலையில் படித்த சொல்லில்கூட ‘காட்டி’ இருக்கிறது. அது காட்டும், பார்ப்பது எங்கள் பாடு.

என் கமரா ஆடி வைத்த பழைய வகை. லென்ஸின் பின்னால் நாற்பத்தைந்து பாகையில் ஒரு சிறிய கண்ணாடி சாய்ந்திருக்கும். முன்னால் நிற்பவரின் உருவம் அதில் பட்டு மேலேறி என் கண்ணுக்கு வரும். பொத்தானை அழுத்தியவுடன் அந்தக் கண்ணாடி மேலே மடங்கி வழிவிடும். ஒளி உள்ளே போய்ப் பதியும். அந்தச் சிறு பொழுது எனக்கு ஒரே இருட்டு. படமாகிற கணத்தைப் படம் எடுப்பவன் காண்பதில்லை. இதை எத்தனையோ தடவை கண்ணால் அனுபவித்தும் யோசித்ததில்லை. அந்த அம்மாவின் சுடர் எழும்பிய கணம் என் கண் கறுப்பில் இருந்தது. ‘நான் எடுத்தது’ என்று சொல்லிக்கொள்ளும் படத்தில் என்னுடைய பங்கு அவ்வளவுதான். ஆணவம் என்று எங்கள் சமயம் சொல்வது கண்ணை மறைக்கும் இருளைத்தான். அந்த இருட்டிலிருந்து கொண்டே ‘என் படம்’ என்கிறோம்.

இதை ஞாயிற்றுக் கூட்டத்தில் சொன்னபோது அச்சக நண்பர் விகாரைகளில் புத்தர் சிலைக்குக் கண் வைக்கும் சடங்கைப் பற்றிச் சொன்னார். நேத்திர மங்கல்யம். சுபநேரத்தில் சிற்பி சிலையைப் பாராமல், கையில் ஒரு கண்ணாடியைப் பிடித்து அதில் தெரியும் முகத்தைப் பார்த்தே கண்ணைத் தீட்டுவார். திறக்கும் அந்தக் கண்ணை நேரே எதிர்கொள்ள மனிதருக்கு இயலாது. முடிந்ததும் அவருடைய கண்ணைக் கட்டித்தான் வெளியே கூட்டிவருவார்கள். ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூலில் இந்தச் சடங்கைப் பதிந்திருக்கிறார். எங்கள் கோயில்களிலும் ஸ்தபதி பொன் ஊசியால் கண் திறந்ததும் சுவாமிக்கு முதலில் காட்டும் மங்கலப் பொருட்களில் கண்ணாடி ஒன்று, பசுவும் கன்றும் ஒன்று.

குமாரசுவாமி 1877இல் கொழும்பில் பிறந்தவர். நான் சின்ன வயதில் பிடித்து விளையாடிய பொன்னம்பலவாணேசர் கோயிலின் கருங்கல் தூண்களை எழுப்பிய பொன்னம்பலம் இராமநாதன் அவருக்கு மைத்துனர் முறை. கண்ணாடியில் பார்த்துக் கண் தீட்டும் கையைப் பற்றி எழுதிய அதே மனிதர், பின்னாளில் பொஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருந்தபோது, 1924இல் புகைப்படக் கலைஞர் அல்பிரட் ஸ்டீக்லிட்ஸ் கொடுத்த 27 புகைப்படங்களைக் கலைப்பொருளாக அங்கே சேர்ப்பித்தார். இரண்டும் ஒரே கண்ணின் வேலை என்று எனக்குத் தோன்றுகிறது. கமராவுக்குள் இருக்கும் ஆடி அவருக்கு நிச்சயம் நினைவு வந்திருக்கும் என்று எண்ணிக்கொள்வது என் ஆசை.

எங்களுக்கு முன்னால் கொழும்பில் இப்படிக் கூடியவர்களில் பெரியவர் லயனல் வென்ட். சட்டம் படித்தவர், பியானோக் கலைஞர், 1930களில் இலங்கைப் புகைப்படச் சங்கத்துக்கு உயிர் கொடுத்தவர்களில் ஒருவர். 1944இல் காலமானார். நெகட்டிவ்கள் அழிந்துபோயின, அச்சுப்படங்களால்தான் இன்று அவரைக் காண்கிறோம். அற்புதமான ஒளி. ஆனால் அந்தப் படங்களில் நிற்கும் பலருடைய பெயர் படத்தோடு வந்து சேரவில்லை. அவர்களை யாராவது கேட்டார்களா என்று ரீச்சர் இருந்தால் கேட்டிருப்பா.

கேட்காமல் எடுக்கவே கூடாது என்று சொல்லிவிடத்தான் அந்த நாட்களில் மனம் ஓடியது. கதிர்காமத்தில் மூலஸ்தானத்துக்கு முன் திரை. பூசை செய்யும் கப்புறாளை வாய் கட்டிக்கொண்டு உள்ளே போவார், நாங்கள் திரையைத்தான் கும்பிட்டு வருகிறோம். ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு நிற்கும்போதும் அப்படி ஒரு திரை விழுந்திருக்கிறது, அதைத் தூக்க எனக்கு அதிகாரம் இல்லை. இந்த நியாயம் எனக்குச் சரியாகவே பட்டது. அம்மாவை நினைக்கும்வரை.

1983 ஜூலை. நாங்கள் வெள்ளவத்தைக்கு வாடகைக்கு வந்து இரண்டு வருடம். தமிழருக்கு எதிரான கலவரத்தில் வீடு எரிந்தது. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி முகாமில் கிடந்தோம். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, சாப்பாட்டு வரிசையில் அம்மா நின்றபோது ஒரு வெள்ளைக்காரர் மிகக் கிட்ட வந்து படம் எடுத்தார். அம்மா சேலைத் தலைப்பை இழுத்து முகத்தை மூடினா. எனக்கு இருபது வயது. அந்த மனிதரை அடிக்கப் போன என்னை இரண்டு பேர் பிடித்தார்கள். அந்த ஆத்திரம் இன்றும் கையில் இருக்கிறது. ஆனால் அல்பங்கள் எல்லாம் வீட்டோடு போய்விட்டன. கலியாணப் படம், நான் அம்மாவின் மடியில் இருந்த படம், ஒன்றும் இல்லை. என்னிடம் இருப்பது பிந்திய காலத்து அடையாள அட்டையில் உள்ள ஒரு முகம்தான். எங்கோ ஒரு நாட்டில், ஒரு பெட்டிக்குள், சேலைத் தலைப்பு பாதி ஏறிய நாற்பத்தைந்து வயது அம்மா இருக்கக்கூடும். அந்தப் படத்துக்காக நான் எதையும் கொடுப்பேன். அவரை மன்னித்துவிட்டேனா என்று கேட்டால் இல்லை. இரண்டும் ஒன்றாக என்னிடம் இருக்கின்றன, ஒன்று மற்றதைத் தள்ளவில்லை.

அந்தப் படம் எங்களிடம் திரும்பி வரவில்லை. என் மனம் கடைசியில் வந்து நின்றது அங்கேதான். காட்டியவருக்கு அந்தக் காட்சி ஒருமுறையாவது திரும்பிப் போகவேண்டும். போகும்வரை அது கடன். அதன் வெளிச்சத்தையும் கோட்டையும் பற்றி நாங்கள் ஏழு பேர் என்ன தீர்ப்புச் சொன்னாலும், எட்டாவது ஆள் இன்னும் பார்க்கவில்லை.

வெட்டாத படத்தை அச்சுப்போட்டு, ஒரு கடித உறையில் வைத்து, அடுத்த செவ்வாய் போனேன். கோயில் வாசலில் பையைச் சோதித்தார்கள். 2019 ஏப்ரலில் அங்கே குண்டு வெடித்த பிறகு அது வழக்கம். அன்று காணவில்லை. அதற்கடுத்த கிழமையும் காணவில்லை. மூன்றாம் கிழமை மெழுகுதிரி விற்கும் பெண்ணிடம் படத்தைக் காட்டினேன். “இந்த அம்மாவா? காலையில வருவாங்க” என்றது. நாலாம் செவ்வாய் விடியவே போய் நின்றேன்.

அடையாளம் கண்டு, கிட்டப் போய், நடந்ததைச் சொல்லி, மன்னிப்புக் கேட்டேன். அவ ஏசவில்லை. உறையைப் பிரித்து நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றா. பெருவிரல், படத்தில் இருந்த தன் பெருவிரலுக்கு மேல் போய் நின்றது.

“இந்தப் பேப்பர் தெரியாம ஒண்ணு போட்டுத் தருவீங்களா சேர்? மகன் கட்டார்ல இருக்கான். படம் அனுப்பச் சொல்லிக் கேட்டுக்கிட்டே இருக்கான். இதப் பார்த்தா பயந்துருவான்.”

கடுதாசியில் என்ன எழுதியிருந்தது என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. கொட்டாஞ்சேனைச் சந்திக்குக் கிட்ட ஒரு ஸ்டூடியோவில், போனில் இருந்த படத்தைக் கொடுத்து, வங்கிக்காரர் கீறிய அதே கோட்டோடு வெட்டி அச்சுப்போட்டு, அரை மணித்தியாலத்தில் திரும்பி வந்தேன். அதை வாங்கிக் கிளினிக் கொப்பிக்குள் வைத்தா. மற்றதை உறையோடு என்னிடமே திருப்பித் தந்தா.