மகளுக்கு விற்கும் குதிரை

பழைய கார் ஒன்றை விற்பவருக்கு அதன் குறைகள் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து ஓர் அறநெறிக் கேள்வி எழுகிறது. நமக்குத் தெரிந்த குறையைச் சொல்லாமல் இருப்பது பொய்யாகுமா? பொய் சொல்லலாகாது என்ற கட்டளையைப் பெற்றிருக்கிறோம். ஆனால் கேட்கப்படாத கேள்விக்கும் விடை சொல்ல வேண்டும் என்று யார் கட்டளையிட்டார்? விற்றவர் ஒரு பொய்யும் உரைக்கவில்லை. வாங்கியவர் தம் கண்ணால் பார்த்தார். தம் கையால் ஓட்டினார். மனமொப்பிப் பணத்தை எண்ணிக் கொடுத்தார். இதில் பாவம் எங்கே இருக்கிறது?

இவ்வாறு கேட்பவர்கள் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் அல்லர். ஞாயிறு தவறாது ஆலயம் வருபவர்களும், வாங்கிய கடனை நாள் தவறாது கட்டுபவர்களுமே கேட்கிறார்கள். ஆகவே கேள்வியை எளிதாகத் தள்ளிவிடாமல் ஆராய்ந்து பார்ப்பது நம் கடமை.

ஒரு காலத்தில் கார் என்பது செல்வர் வீட்டு வாசலில் மட்டும் நின்றது. இன்று ஆசிரியரும், செவிலியரும், சிறு கடைக்காரரும் கடன் வாங்கியேனும் ஒரு காரை வாங்குகிறார்கள். அவர்களுள் பலருக்கு வீட்டுக்கு அடுத்தபடியாக வாழ்நாளில் வாங்கும் பெரும்பொருள் அதுவே. அதிலும் ஒரு மாற்றம் நிகழ்ந்திருக்கிறது. 2014ஆம் ஆண்டு வரை உற்பத்தியான அம்பாசிடர் காரில் பெரும்பாலான கோளாறுகள் காதுக்கே கேட்கும். பழகிய ஓட்டுநர் பானெட்டைத் திறந்து பார்த்தே நோயைச் சொல்லிவிடுவார். இன்றைய காரின் குறைகளோ ஒயருக்குள்ளும், சிறு மின்னணுப் பெட்டிக்குள்ளும் ஓசையின்றி ஒளிந்திருக்கின்றன. குறை ஒளியுந்தோறும் அதை அறிந்தவரின் பொறுப்பு கனக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டை எண்ணிக்கொள்வோம்.

2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் மீண்டும் சென்னையிலும், அதே மாதத்தில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களிலும் பெருவெள்ளம் வந்தது. தெருவோரம் நின்ற கார்கள் நீரில் மூழ்கின. அப்படி மூழ்கிய ஒரு காருக்கு உரியவர் நடுத்தரக் குடும்பத்தவர். சட்டம் கட்டாயமாக்கியுள்ள மூன்றாம் நபர் காப்பீடு மட்டுமே எடுத்திருந்தார். அது பிறருக்கு நேரும் இழப்பை ஈடுசெய்யுமே அன்றி, அவருடைய வண்டிக்கு ஒரு காசும் தராது. அவர் விவரம் அறிந்தவர். நீர் வடிந்ததும் எஞ்சினை இயக்கிப் பார்க்கவில்லை. சிலிண்டருக்குள் நீர் புகுந்திருக்கையில் இயக்கினால், காற்றைப்போல் நீர் சுருங்காது. பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்து எஞ்சினே பாழாகிவிடும். வண்டியைக் கட்டி இழுத்துப் பட்டறைக்குக் கொண்டு சென்றார். ஆயிலை மாற்றினார்கள், இருக்கைகளைக் கழற்றி வெயிலில் உலர்த்தினார்கள், வண்டி ஓடியது. ஆனால் மெக்கானிக் ஒன்று சொன்னார்: "ஒயர் இணைப்புகளுக்குள்ளே தண்ணீர் போயிருக்கிறது, ஐயா. இப்போது ஓடும். போகப்போகச் செம்பில் பச்சை பூத்து எங்கே வேண்டுமானாலும் நிற்கும். ஏர்பேக்கையும் நம்ப முடியாது."

அவர் காரை விற்க முடிவு செய்கிறார். மூழ்கிய வண்டி என்று சொன்னால் ஒரு லட்சம் ரூபாய் குறையும். வெள்ளத்தில் வீட்டுப் பொருள்களும் போயின; அந்த ஒரு லட்சம் அவருக்கு உண்மையிலேயே தேவை. வாங்க வந்தவர் கேட்கிறார்: "வண்டியில் ஒன்றும் கோளாறு இல்லையே?" இவர் சொல்கிறார்: "பிள்ளையைப்போல வைத்திருந்தேன். நீங்களே ஓட்டிப் பாருங்கள்." இரண்டும் பொய்யல்ல. அவர் உண்மையிலேயே பிள்ளையைப்போலத்தான் வைத்திருந்தார்.

சட்டம் சொல்வது

இதுபற்றி நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 17ஆம் பிரிவில் மோசடியை வரையறுக்கிறது. மௌனம் பொதுவாக மோசடியாகாது என்பதே அதன் நிலை. அதை விளக்க அச்சட்டம் ஒரு குதிரையைக் காட்டுகிறது. ஒருவர் தம் குதிரை நோயுற்றது என்று தெரிந்தே ஏலத்தில் விற்கிறார். வாங்குபவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. இது மோசடி அன்று. ஆனால் வாங்குபவர் அவருடைய சொந்த மகளாக, அப்போதுதான் உரிய வயதை அடைந்தவளாக இருந்தால்? அப்போது சொல்வது கடமை. உறவே அக்கடமையை உண்டாக்குகிறது. மூன்றாவதாக, 'நீர் மறுக்காவிட்டால் குதிரை நலமானது என்றே கொள்வேன்' என்று வாங்குபவர் கூறியபின் விற்பவர் வாய் திறவாதிருந்தால், அந்த மௌனம் பேச்சுக்கு ஒப்பானது.

நம் எடுத்துக்காட்டில் வருபவர் இந்த மூன்றாம் குதிரைக்கு மிக அருகில் நிற்கிறார். 'கோளாறு இல்லையே?' என்ற கேள்விக்கு வேறொரு விடையைத் தருவது, விடையளிப்பதுபோல் நடித்து மௌனம் காப்பதே. ஆனால் நம் சிந்தனையை அதிகம் கவர்வது இரண்டாம் குதிரைதான். குதிரை ஒன்றே, நோய் ஒன்றே, மௌனமும் ஒன்றே. வாங்குபவர் மகள் என்றதும் சட்டத்தின் தீர்ப்பு மாறிவிடுகிறது. அப்படியானால் மௌனத்தின் நன்மை தீமை, எதிரே நிற்பவர் நமக்கு யார் என்பதையும் பொறுத்திருக்கிறது. சட்டம் அந்த உறவுக்கு ஓர் எல்லையை வரைந்து நின்றுவிடுகிறது. அயலார் யார் என்ற கேள்விக்கு நல்ல சமாரியன் உவமையால் விடை பெற்ற நாம் அவ்வெல்லையில் நின்றுவிட முடியுமா?

அக்குவினாஸ் வகுத்த அளவு

ஒவ்வொரு சிறு கீறலையும் விளம்பரம் செய்ய வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். இதற்குப் பதிமூன்றாம் நூற்றாண்டிலேயே புனித தாமஸ் அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பில், விற்பனை மோசடியை ஆராயும் 77ஆம் வினாவில், தெளிவான அளவுகளை வகுத்துள்ளார். வியப்பு என்னவெனில், அவரும் குதிரையையே எடுத்துக்கொள்கிறார்.

குதிரைக்கு ஒரு கண் இல்லை என்பது பார்த்ததும் தெரியும் குறை. அதற்கேற்ப விலையையும் குறைத்திருந்தால் விற்பவர் அதை எடுத்துச் சொல்லக் கடமைப்பட்டவர் அல்லர். காரின் கதவில் உள்ள கீறலும், தேய்ந்த டயரும் இவ்வகை. ஆனால் குறை மறைவானதாகவும், வாங்குபவருக்கு ஆபத்தோ இழப்போ விளைவிப்பதாகவும் இருந்தால் மௌனம் மோசடியாகும். விற்றவர் ஈடுசெய்யக் கடமைப்பட்டவர். நொண்டும் குதிரையை விரைந்தோடும் குதிரையாகவும், சரியும் வீட்டை உறுதியான வீடாகவும் விற்பது இத்தகையது. குறையைத் தாமே அறியாமல் விற்றவருக்குப் பாவமில்லை. ஆயினும் பின்னர் அறிய நேர்ந்தால் அவரும் ஈடுசெய்ய வேண்டும்.

குறையைச் சொன்னால் வாங்குவோர் எல்லாரும் ஓடிவிடுவார்களே என்ற அச்சத்துக்கும் அவர் விடை தருகிறார். ஊரறியப் பறைசாற்ற வேண்டியதில்லை. அப்படிச் செய்தால், பொருளின் மற்ற நன்மைகளை அறியாமலே மக்கள் விலகிவிடுவர். வாங்க வந்தவரிடம் தனியே சொன்னால் போதும். அவர் நிறையையும் குறையையும் சேர்த்து எடைபோட்டு முடிவு செய்வார். எவ்வளவு நடைமுறை அறிவு நிறைந்த சொல்! விளம்பரத்தில் எழுத வேண்டாம். வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்தவரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

இங்கே ஒரு நுட்பத்தையும் கவனிக்க வேண்டும். மறைவான குறைக்கு விலையைக் குறைத்துவிட்டால் மட்டும் போதாது. 'இருபதாயிரம் குறைத்துத்தானே கொடுத்தேன்' என்று பலர் ஆறுதல் தேடுகிறார்கள். விபத்தில் ஏர்பேக் விரியாவிட்டால், அந்த இருபதாயிரம் ஓட்டுபவரின் மார்பைக் காக்காது. ஆபத்தை ஏற்பதா என்று தீர்மானிக்கும் உரிமை, அதைச் சுமக்கப்போகிறவருக்கு உரியது. மௌனம் அவரிடமிருந்து பறிப்பது பணத்தை மட்டுமன்று, அந்த உரிமையையும்தான்.

அறிந்தவர் யாவரும்

விற்பவரோடு கேள்வி முடிந்துவிடுவதில்லை. மெக்கானிக்கின் கையில் நாம் வண்டியை மட்டுமா ஒப்படைக்கிறோம்? நம் அறியாமையையும் ஒப்படைக்கிறோம். எந்தப் பாகம் தேய்ந்தது, எது இன்னும் ஓராண்டு உழைக்கும் என்பது அவருக்கே தெரியும். வாணிகம் செய்வோர் பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேண வேண்டும் என்று நடுவுநிலைமை அதிகாரத்தில் வள்ளுவர் வகுத்த நெறி, பட்டறைக்கு அப்படியே பொருந்தும். தம் சொந்த வண்டியானால் மாற்றாத பாகத்தைப் பிறர் வண்டியில் மாற்றுவது களவு. தம் வண்டியானால் உடனே மாற்றும் பிரேக் பாகத்தைப் பிறர் வண்டியில் கண்டும் சொல்லாமல் விடுவது அதனினும் பெரிய குற்றம்.

ஆனால் மெக்கானிக்கை மட்டும் குறைகூறுவது நேர்மையன்று. எஞ்சினின் இரைச்சலை மறைக்கக் கெட்டியான ஆயிலை ஊற்றச் சொல்வதும், எச்சரிக்கை விளக்கு எரியாதபடி இணைப்பைக் கழற்றச் சொல்வதும், ஓடிய கிலோமீட்டரைக் குறைத்துக் காட்டச் சொல்வதும் பெரும்பாலும் வண்டியை விற்கும் நோக்கமுடையவர்களே. பழுதை நீக்குபவர் உழைப்பாளி; பழுதை மறைக்க அறிந்தே உதவுபவர் அம்மோசடியில் பங்காளி. தீமைக்கு ஒத்துழைப்பது பற்றி அறநெறி இறையியல் கற்பிப்பது இங்கே ஐயமின்றிப் பொருந்துகிறது. கூலி சிறிதென்பதால் பங்கு சிறிதாகிவிடாது.

காரைச் செய்து தருபவரும் விலக்கல்லர். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் தயாரித்த சில கார்களில் சாவி திருப்பும் சுவிட்ச் தளர்வாக இருந்தது. ஓடும்போதே அது நழுவி எஞ்சின் நின்றுவிடும். ஏர்பேக்கும் விரியாமற் போகலாம். பின்னர் அப்பாகம் திருத்தப்பட்டபோது, அதன் எண் மாற்றப்படவில்லை. ஆகவே பழையதையும் புதியதையும் பிறர் வேறுபடுத்தி அறிய முடியவில்லை. 2014இல்தான் ஏறத்தாழ 26 லட்சம் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. நிறுவனம் அமைத்த இழப்பீட்டு நிதி 124 மரணங்களை ஏற்றுக்கொண்டது. அத்தனை உயிர்களுக்கும் நடுவே நின்றது ஒரு சிறு சுவிட்சும், பல ஆண்டு மௌனமும்! நம் நாட்டிலும் 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், ஆபத்தான குறையுள்ள வண்டிகளைத் திரும்பப் பெறுமாறு தயாரிப்பாளருக்கு ஆணையிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்கு அளித்துள்ளது. நல்லதே. ஆயினும் வீட்டு வாசலில் கைமாறும் ஒவ்வொரு பழைய காரின் அருகிலும் அரசு வந்து நிற்க முடியாது. அங்கே மனச்சான்றுதான் நிற்க வேண்டும்.

மௌனத்தின் கேடு வாங்கியவரோடு நிற்பதில்லை என்பதையும் மறக்கலாகாது. ஓயாது பழுதாகும் காரை அமெரிக்கர் பேச்சுவழக்கில் எலுமிச்சை என்பர். ஜார்ஜ் அக்கர்லாஃப் என்ற பொருளியலறிஞர் 1970இல் அந்த 'எலுமிச்சைகளின் சந்தை' பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நல்ல காரையும் கெட்ட காரையும் பிரித்தறிய முடியாதபோது, வாங்குவோர் எல்லாவற்றுக்கும் நடுத்தர விலையே தர முன்வருவர். அவ்விலைக்கு நல்ல காரை விற்க மனமின்றி அதற்குரியவர் விலகிவிடுவார். சந்தையில் கெட்ட கார்களே எஞ்சும். இத்துறை ஆய்வுக்காக 2001இல் அவருக்கு நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. உண்மையாகவே பிள்ளையைப்போல் வண்டியை வைத்திருந்தவரையும் யாரும் நம்பாமற் போவது, நம்முடைய மௌனங்கள் எல்லாம் சேர்ந்து செய்த வேலை.

அந்த ஒரு லட்சம்

'நான் வாங்கியபோது என்னையும் ஏமாற்றினார்களே' என்பது இறுதி வாதம். நமக்கு இழைக்கப்பட்ட அநீதியை, அதைச் செய்யாத ஒருவர் தலையில் இறக்கி வைக்க நமக்கு உரிமை இல்லை.

வெள்ளத்தில் இழந்த அந்தக் குடும்பத்தவருக்கு நாம் என்ன சொல்லலாம்? உண்மையைச் சொன்னால் இறைவன் வேறு வழியில் அந்த ஒரு லட்சத்தைத் தந்துவிடுவார் என்று வாக்களிக்க நமக்கு அதிகாரமில்லை. தராமலும் போகலாம். குறையைச் சொல்லிக் குறைந்த விலைக்கு விற்கலாம். ஒயரிங்கை மாற்றிய பின் விற்கலாம். உதிரிபாகத்துக்காக வாங்குபவரிடம் கொடுக்கலாம். எவ்வழியிலும் இழப்பு உண்டு. ஆனால் அது வெள்ளம் அவருக்குத் தந்த இழப்பு. அதை அறியாத ஒருவருடைய பிள்ளைகள் நெடுஞ்சாலையில் சுமக்குமாறு செய்ய அவருக்கு உரிமை இல்லை என்பதே நம் முடிவு.

ஏற்கெனவே மௌனமாக விற்றுவிட்டவர்களுக்கும் ஒன்று உண்டு. ஒப்புரவு அருட்சாதனம் பாவத்தை மன்னிக்கிறது. ஈடுசெய்யும் கடமையை நீக்கிவிடுவதில்லை. பணத்தைத் திருப்பித் தர இயலாத நிலையிலும், ஆபத்தான குறையை இன்றே தெரிவிக்கலாம். ஒரு தொலைபேசி அழைப்புக்கு அதிகம் செலவாகாது. வெட்கம் மட்டுமே செலவு.

இனி விற்கப் போகிறவர்களுக்கு ஓர் எளிய வழக்கத்தைப் பரிந்துரைக்கிறோம். உரிமை மாற்றத்துக்காகப் படிவம் 29, படிவம் 30 ஆகியவற்றில் கையெழுத்திடும் அதே மேசையில், மூன்றாவதாக ஒரு வெள்ளைத் தாளையும் வையுங்கள். வண்டியைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த குறைகளையெல்லாம் அதில் எழுதி, தேதியிட்டு, வாங்குபவரிடம் கொடுங்கள். எதை எழுதுவது, எதை விடுவது என்ற தயக்கம் வரும்போது, சாவியை வாங்க நீளும் கை உங்கள் மகளுடையது என்று எண்ணிக்கொண்டு எழுதுங்கள்.